ஒன்பதாவது பொருள்

எண்பத்திரண்டு நாற்காலி போட்டோம்.
வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒருவர் நாய்க்கு உரிமம் வாங்க வந்து
அறை மாறி உட்கார்ந்தவர்.
வெளியே பனி கொட்டியது,
அப்படியே இருந்துவிட்டார்.

நான் குறிப்பெடுப்பவள்.
மினியாபொலிசுக்கு வடக்கே இந்தச் சின்ன நகரத்தின்
பத்தொன்பது வருடப் பேச்சு
என் விரல் வழியாகத்தான் போய்
அலமாரியில் அடங்கியிருக்கிறது.
இருமலை எழுதுவதில்லை.
மேயர் மேசைக்கடியில் காலணி கழற்றுவதை
எழுதியதே இல்லை.

ஜூலை அணிவகுப்பில் மிட்டாயை எறியலாமா,
கையில்தான் கொடுக்க வேண்டுமா:
நாற்பது நிமிடம்.
டோனட் கடைப் பலகை இரண்டடி உயரம் கூடுதல்:
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.

பிறகு ஒன்பதாவது.
ஓக் சரிவுப் பூங்கா, பனிச்சறுக்குத் திடல்,
அதன் ஓரத்துக் கணப்பறையை மூடுவது.
மிச்சம், ஆண்டுக்குப் பதினோராயிரம் டாலர்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

வெர்லின் ஹாக்ஸ்ருட் எழுந்தார்.
தண்ணீர்த் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர்.
"ஒரே மூச்சில் தண்ணீர் விட்டால்
மேலே உறையும், அடியில் பொய் சொல்லும்.
ஒரு படலம் விடணும். காத்திருக்கணும்.
அது இறுகின பிறகு இன்னொன்று.
இருபது ராத்திரி ஆகும்."
மூன்று நிமிடமும் இதுதான்.
ஆதரவா எதிர்ப்பா என்று மேயர் கேட்டார்.
"நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்" என்றார்.
நான் எழுதியது: கருத்துத் தெரிவித்தார்.

அடுத்து லிபான் ஜிமாலே,
விமான நிலையத்துக்கு இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
மகள் ஊபா கோல் காக்கிறாளாம்.
"அந்த அறையில் எல்லாரும் குனிந்துதான் இருப்போம்,
பிள்ளைகளுக்குக் காலணிக் கயிறு கட்டிக்கொண்டு.
குனிந்திருப்பவனிடம் பேச்சுக் கொடுப்பது சுலபம்.
ஐந்து வீட்டுக்காரர் பெயர் எனக்கு அங்கேதான் தெரிந்தது.
நிமிர்ந்து நிற்கிற இடங்களில் ஒருத்தர்கூட..."
சிவப்பு.
நன்றி சொல்லி உட்கார்ந்தார்.
பாதி வாக்கியத்துக்கு என்னிடம் படிவம் இல்லை.

ஆர்டிஸ் குவாம் கல்நெஞ்சக்காரி அல்ல,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
"நாலாம் தெருச் சாக்கடைக் குழாய்
என் அம்மாவைவிட மூத்தது.
பனி வருஷா வருஷம் வரும். குழாய் வராது."
மடித்துக் கொண்டுவந்த தாளை
அவள் பார்க்கவே இல்லை.

ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.
எதிர்த்தவர்கள் கை தூக்கும்போது
நாய்க்காரரும் தூக்கினார்.
"உங்களுடையது கணக்கில் வராது" என்றேன்.
"தெரியும்" என்றார்.
கையை இறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

தீர்மானம் நிறைவேறியது.
கூட்டம் கலைந்தது, ஒன்பது நாற்பத்தொன்று.
எழுபத்தொரு வெற்று நாற்காலிகளையும்
மற்ற பதினொன்றையும் மடித்து அடுக்கினேன்.

வீட்டுக்குப் போகிற வழிதான் ஓக் சரிவு.
கணப்பறை இருட்டு.
திடலில் மட்டும் ஏதோ பளபளத்தது.
காரை நிறுத்தி, பழக்கத்தில், மணி பார்த்தேன்:
பத்து ஐம்பத்திரண்டு.
வெர்லின் குழாயைத் தாழப் பிடித்து
பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்,
தரையைத் துடைக்கிறவர் மாதிரி.
முன்மொழிந்தது யார், தெரியவில்லை.
பின்னால் ஒருவர், குழாய் முறுக்கிக்கொள்ளாமல்
சுருள் சுருளாய் எடுத்துக் கொடுத்தார்.
வழிமொழிபவர்.
அவர் காலடியில் ஒரு நாய்,
ஈரத்தில் பாதம் வைத்து, எடுத்து,
மறுபடியும் வைத்துப் பார்த்தது.

உரிம அலுவலகம் காலை எட்டரைக்குத் திறக்கும்.
என் கவுண்டர்தான்.